பயணிகள் கவனத்திற்கு

எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரை இடக்கையில் பிடித்துக்கொண்டு, வலக்கையால் அடுப்பைத் திருக முனைந்தபோதுதான் குமிழ் இல்லை என்பதை மூத்தவள் கண்டாள். மெலிந்த இரும்புக் காம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மற்றொன்றும் அப்படியே.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். பின்னிரவில் உறக்கத்திலேயே போய்விட்டார். நண்பகலில் வண்டி வந்துவிடும். அதற்குள் வந்தவர்களுக்குத் தேநீராவது கொடுக்க வேண்டும் என்றுதான் அவள் சமையலறைக்குள் நுழைந்தாள்.

"அம்மா, அடுப்புக் குமிழ் எங்க?"

"உங்கப்பாவக் கேளு. அடுப்பு அவரு பொறுப்பு."

அம்மா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த குவளைகளை எடுத்து மறுபடியும் கழுவலானாள். துக்கம் மனிதர்களை எப்படியெல்லாமோ ஆட்டிவைக்கும் என்று மூத்தவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராயிருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். அந்த ரேடியோ சில ஆண்டுகளாக வீட்டிலும் ஓயாமல் ஒலித்துவந்தது. யார் வாசலில் கால் வைத்தாலும், "பயணிகள் கவனத்திற்கு" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கிவிடுவார். மூத்தவள் வந்திருக்கிறாள், பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள், அவளுக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, நாம் மதியச் சாப்பாடு முடித்தாயிற்று. தொலைபேசியில் அழைத்தாலும் இதே கதைதான். அம்மாவிடம் கொடுக்கு முன் முழுச் செய்தியையும் வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார். மைக்கைப் பிடுங்கினாலும் வாயைப் பிடுங்க முடியவில்லையே என்று தம்பி கிண்டல் செய்வான். "நீங்க வைங்கப்பா, அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்று அவளும் பலமுறை சலித்துக்கொண்டிருக்கிறாள். அப்பா சிரிப்பார். ஆனால் வாசிப்பதை ஒருநாளும் விட்டதில்லை.

அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. ஓவென்று அழுதபடி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அந்தத் தோளுக்கு மேலாக அம்மாவின் கண்கள் அலைந்தன. பின்பு தலையை மெல்லச் சாய்த்து, அப்பா கிடந்த பக்கமாகக் காதைக் கொடுத்தாள். சற்று நேரம் காத்திருந்தாள். எதுவும் வராமற்போகவே, வழிதவறியவர்களிடம் பேசும் மரியாதையுடன் அத்தையை விலக்கி நிறுத்தினாள்.

"ஒக்காருங்க. அவரு எந்திரிச்சதும் பேசலாம்."

அதிர்ச்சி, பாவம், என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். அங்கிருந்த எவருக்கும் அது விபரீதமாகத் தோன்றவில்லை.

தம்பி அக்காளைத் தனியே அழைத்தான். மறுநாளே இருவரும் அவரவர் ஊருக்குக் கிளம்பிவிடலாமாம். அம்மா இந்த வீட்டை விட்டு வர மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாளாம். "ஒரு சொட்டுக் கண்ணீர் விடலக்கா. அம்மா ரொம்ப தைரியம். தனியா சமாளிச்சுக்குவாங்க" என்றான்.

மூத்தவள் அறைக்குப் போய், கதவுக்குப் பின்னால் தொங்கிய அப்பாவின் சட்டையைத் தொட்டாள். பையில் கனமாக ஏதோ இருந்தது. கைக்குட்டை. அதன் முடிச்சை அவிழ்த்தால், அடுப்பின் இரண்டு கறுப்புக் குமிழ்கள். அவற்றை எடுத்த பின்னரும் பை தட்டையாகவில்லை. இரு வட்டங்களாகப் புடைத்தே நின்றது. அடுத்த சட்டையை எடுத்துப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். எல்லாப் பைகளும் உள்ளே ஒன்றுமில்லாமலே அவ்வாறு புடைத்திருந்தன.

தன் பேரப்பிள்ளைகள் ஆணா பெண்ணா என்று ஒரு பாட்டிக்கு எதற்காக அறிவிக்க வேண்டும்? மூத்தவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

குமிழ்களைத் தம்பியிடம் காட்டியபோது அவன் அவற்றையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "எலி கிலி உருட்டிடும்னு எடுத்து வச்சிருப்பாரு. மாட்டிட்டு டீயப் போடுக்கா, எல்லாரும் காத்துட்டிருக்காங்க" என்றான். அம்மா நிற்கும் பக்கம் அவன் திரும்பவேயில்லை.

வண்டி வந்தது. அப்பாவை ஏற்றிக்கொண்டு தம்பியும் மற்றவர்களும் போனார்கள். அத்தையும் உடன் போனாள். அம்மாவுடன் ஒருவர் இருக்க வேண்டுமே என்று மூத்தவள் தங்கிவிட்டாள். வாசலில் நின்று கையசைத்து வழியனுப்பிய அம்மா, உள்ளே வந்து கதவைச் சாத்தி, நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் நகர்த்தினாள். நகர்த்தி முடித்ததும் கூடத்தின் நடுவே அசையாமல் நின்றாள்.

"ஏன் இன்னிக்கு வீடு இவ்வளவு அமைதியா இருக்கு?"

மூத்தவள் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அடுப்பை அணைத்ததும் குமிழ்களை உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் அறியாமலே கை அதைச் செய்தது. அம்மா தேநீரைத் தொடவில்லை. வெயில் சன்னலிலிருந்து இறங்கித் தரையில் நீண்டது. அம்மாவின் பார்வை அறைக் கதவுக்கும் வாசலுக்கும் போய்ப் போய் வந்தது.

வெளியே இரும்புக் கதவு கிறீச்சிட்டது. படிகளில் செருப்போசை ஏறி வந்தது. அம்மா சட்டென்று மகளின் மணிக்கட்டைப் பற்றினாள்.

"யாரோ வர்றாங்க. யாருன்னு சொல்ல மாட்டேங்கறாரே."

மூத்தவள் தொண்டையைச் செருமினாள். பின்னும் ஒருமுறை செருமினாள்.

"பயணிகள் கவனத்திற்கு" என்றாள்.

மணிக்கட்டின் மேலிருந்த பிடி தளர்ந்தது. அம்மா தலையை மெல்லச் சாய்த்தாள். முகத்திலிருந்த கலவரம் படிப்படியாக வடிந்தது.

"உன் மகன் வந்திருக்கான்."

"சரி" என்றாள் அம்மா, நிம்மதியாக. "எங்க போயிட்டு வர்றான்?"

செருப்பைக் கழற்றுவதற்காகக் குனிந்த தம்பி குனிந்தவாறே நின்றான். மூத்தவளின் மூடிய கைக்குள் குமிழ்கள் ஒன்றோடொன்று உரசின. அம்மா காதைக் கொடுத்தபடி காத்திருந்தாள்.