துறவியின் டப்பாவில் கறுப்புப் பொத்தான்

மெக்கானிக்கின் துறவி ஆறு வருஷமாக நல்லவர். அந்தக் கதை ஆட்டம் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே, தன் வேடத்துக்கான தாளில் 'குணம்' என்ற கட்டத்துக்கு எதிரே 'நல்லவர்' என்று கொட்டை எழுத்தில் எழுதி அடியில் கோடும் போட்டான். லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு இவ்வளவு அழகான கையெழுத்தா என்று அன்றைக்குத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

மேஜையைச் சுற்றி நாலே பேர். கதையை நடத்துபவர் மச்சான், அதாவது அவன் மனைவியின் அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைப்பது அவர் தொழில். காடு, கோட்டை, பூதம் எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். மற்ற மூவரும் ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பகடை உருட்டுவார்கள். மெக்கானிக், மந்திரம் சொல்லிக் காயம் ஆற்றும் துறவி. மனைவி தையல்காரி, ஆட்டத்தில் வில்லாளி. அடுத்த மாதம் பிரசவம். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டு அம்பு விட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஆள் குச்சி. மெக்கானிக்கோடு ஒரே கம்பெனியில் ஜோடியாக வேலை பார்ப்பவன். ஆறடி உயரம், கிள்ளச் சதை கிடையாது. அவன் திருடன் வேடம் எடுத்து, குணத்துக்கு எதிரே 'கெட்டவன்' என்று எழுதியிருந்தான். "என் மூஞ்சிக்கு வேற எது பொருந்தும்?" என்றான்.

தாளில் யார் எதை எழுதினால் என்ன? இந்த மேஜையில் செல்லுபடியாவது டப்பாதான். ஆளுக்கொரு மூடி போட்ட தகர டப்பா மச்சான் பக்கத்தில் இருக்கும். நீங்கள் ஒரு காரியம் செய்தால், மனைவியின் தையல் பெட்டியிலிருந்து வந்த சட்டைப் பொத்தான் ஒன்றை உங்கள் டப்பாவில் போடுவார். நல்லதற்கு வெள்ளை, கெட்டதற்குக் கறுப்பு. கையை மூடியபடி போடுவதால் 'டக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும், நிறம் தெரியாது. கேட்கவும் கூடாது. பெரிய மந்திரம் ஒன்றை யாராவது சொல்லும் அன்றைக்குத்தான் மூடி திறக்கும். ஆறு வருஷத்தில் அப்படி ஒரு நாள் வரவே இல்லை.

அந்த ஞாயிறு வந்தது. வில்லாளி விஷ அம்பு பட்டு விழுந்தாள். பிழைக்க உருட்டிய மூன்று பகடையும் அவளைக் கைவிட்டுவிட்டன.

"மாப்ள, இப்ப நீங்கதான்," என்றார் மச்சான். "உயிர் திருப்புற மந்திரம். நல்லவன் வாயில வந்தாத்தான் பலிக்கும்."

"பொண்டாட்டியக் காப்பாத்துங்க சாமி," என்று மனைவி சிரித்தாள்.

மெக்கானிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன் துறவி சொல்வதாகத் தானே இட்டுக்கட்டிய நாலு வரியை ராகம் போட்டுச் சொன்னான். மச்சான் டப்பாவைத் திறந்து மேஜையில் கவிழ்த்தார்.

கறுப்பு, கறுப்பு, கறுப்பு. நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை.

  சும்மா விளையாட்டு, சட்டைப் பொத்தான், என்று மெக்கானிக் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். 

"டப்பா மாறிப்போச்சு மச்சான். இது திருடனோடது."

"பேரு எழுதி ஒட்டியிருக்கு, பாருங்க."

பார்த்தான். தன் டப்பாதான். அப்போது குச்சி நீண்ட கையை நீட்டித் துறவியின் மந்திரப் புத்தகத்தை எடுத்தான். "நான் வாசிக்கலாமா?" என்றான்.

"கெட்டவன்னு நீயே எழுதிவெச்சிருக்கே," என்றார் மச்சான். "சரி, விதியில தடை இல்ல. டப்பா என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

கவிழ்த்தார். வெள்ளைப் பொத்தான்கள் மேஜை முழுக்க உருண்டன. இரண்டு கீழே விழுந்து நாற்காலிக்கு அடியில் போயின. வில்லாளி எழுந்து உட்கார்ந்தாள். மனைவி கைதட்டினாள். சாமியார் கைவிட்டதைத் திருடன் காப்பாற்றினான் என்று அவளுக்கு ஒரே சிரிப்பு.

மெக்கானிக்கால் சிரிக்க முடியவில்லை. "என் துறவி அப்படி என்ன பண்ணிட்டாரு? ஒண்ணு சொல்லுங்க," என்றான். சும்மா இருந்திருக்கலாம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று தெரியாதவனா அவன்?

மச்சான் ஆட்டத்தைக் குறித்துவைக்கும் நோட்டைப் புரட்டினார். "தூரமா எதுக்குப் போகணும்? போன வாரம், கயித்துப் பாலம். கழுதைக்காரன் உங்ககிட்ட, கயித்தப் பாத்தீங்களான்னு கேட்டான். நீங்க பகடையே உருட்டல. பாத்தாச்சு, போன்னுட்டீங்க. கயிறு அறுந்து அவன் விழுந்தான். ஊர்க்காரங்க வந்து யாரு பாத்ததுன்னு கேட்டப்ப துறவி வாயத் தொறக்கல. திருடன்தான், நான் பாத்தேன்னு முன்னால போய் சவுக்கடி வாங்குனான். உங்களுக்கு ரெண்டு கறுப்பு, அவனுக்கு ஒரு வெள்ளை."

போன வாரம் அதற்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். மெக்கானிக்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான்.  இப்போது அவன் கழுதைக்காரனை நினைக்கவில்லை. ஒரு எட்டு மாடிக் கட்டடத்தை நினைத்தான்.

மாதாந்திரப் பராமரிப்புக்குப் போனால் ஒருவன் லிஃப்ட் குழிக்குள் இறங்க வேண்டும். மற்றவன் மொட்டை மாடியிலுள்ள மெஷின் அறைக்குப் போய் பிரேக்கைப் பார்க்க வேண்டும். லிஃப்டை நிறுத்தியிருப்பதால் படியில்தான் ஏற வேண்டும். அன்றைக்கு மெக்கானிக்குக் கால் வலி. இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்தான், பராமரிப்புப் பேப்பரில் பிரேக்குக்கு எதிரே டிக் அடித்தான். குழியிலிருந்து குச்சி போன் செய்து, "பிரேக் பாத்தியா?" என்றான். "பாத்தாச்சு," என்றான் இவன்.

மூன்று வாரம் கழித்து அந்த பிரேக் வழுக்கியது. கதவு திறந்தபடியே லிஃப்ட் அரை மாடி சறுக்க, வெளியே கால் வைத்த ஒரு பாட்டு டீச்சருக்குக் கணுக்கால் முறிந்தது. பேப்பரில் இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தது. பிரேக்கை யார் பார்த்தது என்று இல்லை. கம்பெனி கேட்டபோது மெக்கானிக், "ஞாபகம் இல்ல சார்," என்றான். திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. பார்த்தவன் யாரோ அவனுக்கு வேலை போகும், உரிமமும் போகும். "எந்தப் பாவி இப்படிப் பண்ணினானோ," என்று, செய்தி கேட்ட மனைவி, அது இவன் பார்க்கும் லிஃப்ட் என்று தெரியாமல் அந்த டீச்சருக்காக வருத்தப்பட்டபோதுகூட அவன் உச்சுக்கொட்டினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கலை அவனுக்கு அவ்வளவு லகுவாக வந்தது.

"நெஜத்துல இப்படி ஒருத்தன் பழிய இன்னொருத்தன் தூக்கிப்பானா?" என்று மனைவி பொத்தான்களை நிறம் பிரித்தபடி கேட்டாள்.

குச்சி குனிந்து, கீழே விழுந்த பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தான். தேவைக்கு மேல் தேடினான்.

மெக்கானிக் மெதுவாகக் கேட்டான். "நாளைக்கு நீ என்னடா சொல்லப் போறே?"

"நேத்தே எழுதிக் குடுத்துட்டேன்," என்றது மேஜைக்கு அடியிலிருந்து குரல்.

"என்னன்னு?"

"நான்தான் மேல போய்ப் பாத்தேன்னு."

 குச்சி மாட்டிக்கொள்வானோ என்று மூன்று நாளாகப் பயந்ததும், மாட்டிக்கொண்டால் தான் தப்பலாம் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டதும் மெக்கானிக்தான். கேட்காமலே குச்சி கழுத்தை நீட்டுவான் என்று கனவிலும் எண்ணவில்லை. 

"நான் பாக்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

குச்சி எழுந்து உட்கார்ந்து பொத்தானை ஊதித் துடைத்தான். "எட்டு மாடி ஏறினவனுக்கு மூச்சு வாங்கும்டா. நீ அன்னைக்கு போன்ல பேசறப்ப மூச்சே வாங்கல. அப்பவே தெரியும். நான் ஏறிப் போய்ப் பாத்திருக்கணும். சோம்பேறித்தனம், விட்டுட்டேன். அதனால முழுப் பொய்யும் இல்ல. எனக்கு யாரு இருக்கா? உனக்கு அடுத்த மாசம் புள்ள பொறக்குது."

மச்சான் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மனைவி பிரித்த பொத்தான்களை மறுபடி கலந்துவிட்டாள். அது அவளுக்குத் தெரியவில்லை. அவள் முகத்திலிருந்து சிரிப்பு போன வேகத்தைப் பார்க்க மெக்கானிக்குக்குத் தைரியம் இல்லை.

"அந்த டீச்சர் விழுந்த லிஃப்டா?" என்றாள்.

அவன் ஆமென்று தலையசைத்தான்.

"பிரேக்க நீங்க பாத்தீங்களா?"

குச்சி, கழுதைக்காரன், இப்போது மனைவி. மூன்றாவது முறையாக அதே கேள்வி. அவன் வாய் பழக்கப்படி 'பாத்தாச்சு' என்று சொல்லத் திறந்தது. எதிரே ஆறு வருஷத்துக் கறுப்புப் பொத்தான்கள் கிடந்தன.

"பாக்கல," என்றான். "மேல போகவே இல்ல. படியில உக்காந்து டிக் போட்டேன்." சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அறையில் அசைந்தது ஒரே ஒரு கை. ஆறு வருஷப் பழக்கம். மச்சான் தன்னையறியாமல் ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்துத் துறவியின் டப்பாப் பக்கம் கொண்டுபோனார்.

மனைவி எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போடாதண்ணே," என்றாள். "நம்ம நாலு பேருகிட்ட சொன்னதுக்கெல்லாம் போடாத. நாளைக்குப் பத்து மணிக்கு அங்க போய் சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."