கார்டில் இல்லாத மாதம்

ஸ்கேனுக்குப் போகும் நாள் காலையில் மாமி என் பையை மூன்றாவது தடவையாகத் திறந்து பார்த்தார். கிளினிக் கார்டு, அடையாள அட்டை, ஒரு துவாய், தண்ணீர்ப் போத்தல். எல்லாம் இருந்தன. இருந்தும் மாமியின் கை பைக்குள்ளேயே துழாவிக்கொண்டிருந்தது.

"புள்ள அசைஞ்சிச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்க மாமி."

மூன்று வாரமாக விடிந்ததும் இதே கேள்வி, இதே பதில். கேட்டுவிட்டு அவர் சாமிப் படத்தைப் பார்ப்பார். நான் தரையைப் பார்ப்பேன்.

மூன்று வாரத்துக்கு முன்புதான் மிட்வைஃப் வினோதா மிஸ் என் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். "கணக்குப்படி வயிறு இன்னும் ஏறியிருக்கணுமே. ஜெயந்தினி, கடைசியா பீரியட் வந்த திகதி சரிதானே?"

நான் வாயைத் திறக்குமுன் மாமி முந்திக்கொண்டார். "பெப்ரவரி பதினஞ்சு. அதுல மாத்தமே இல்லைங்க மிஸ்." நானும் தலையை ஆட்டினேன். அப்படியென்றால் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கவேண்டும் என்று மிஸ் ஸ்கேனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்.

அந்தத் திகதி பொய். சொன்னவள் நான்தான்.

கல்யாணமாகி நாலு வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் என் வயிற்றைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் வைத்திருந்தார்கள். மாமி யாரிடமும் வாய் கொடுக்கவில்லை. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு மருமகள் பால்குடம் எடுப்பாள் என்று நேர்ந்துகொண்டார். தலை என்னுடையது, நேர்த்தி அவருடையது. காப்புக் கட்டி, பத்து நாள் கவிச்சி தொடாமல் இருந்தேன். மார்ச் பதினாலு திருவிழா. அன்றைக்கு விடியும்போது பார்த்தால், நான் வீட்டுக்குத் தூரம்.

சொல்லியிருக்கலாம். மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். கொழும்பில் கடையில் நிற்கும் என் வீட்டுக்காரர் கஜேந்திரன் லீவு போட்டு வந்திருக்கிறார். மாமி புதுச் சீலையோடு வாசலில் நிற்கிறார். இன்னொரு வருஷம் அந்த அபிப்பிராயங்களைக் கேட்க எனக்குப் பொறுமையில்லை. வாயை மூடிக்கொண்டு குடத்தைத் தலையில் வைத்தேன். அப்படியே கோயில் வரை நடந்தேன்.

அடுத்த மாதம் எனக்குத் தள்ளிப்போனது. "ஆத்தா குடுத்த புள்ள" என்று மாமி தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். மிஸ் வந்து திகதி கேட்டபோது அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மார்ச் பதினாலு என்று எந்த வாயால் சொல்வது? அதற்கு முந்தின மாதத்துத் திகதியைச் சொன்னேன். ஒரு முழு மாதத்தை விழுங்கினேன்.

வயிறு சின்னதாக இருக்க அந்த ஒரு மாதம்தான் காரணம் என்று ஒரு மனம் சொல்லும். தீட்டோடு குடம் தூக்கினாயே, ஆத்தா சும்மா விடுவாளா என்று இன்னொரு மனம் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் மிஸ்ஸுக்குப் போன் எடுக்க நினைப்பேன். எடுத்தால் அவர் நேரே வீட்டுக்கு வந்து மாமியின் முன்னால்தான் விசாரிப்பார். போனை வைத்துவிடுவேன். சரியான கோழை.

பைஸர் நானாவின் ஆட்டோ மேட்டில் வந்து நின்றது. ஏறுமுன் போத்தல் தண்ணீர் முழுவதையும் குடிக்கச் சொல்லியிருந்தார்கள், ஸ்கேன் முடியும்வரை மூத்திரத்தை அடக்கிக்கொள்ளவும் சொல்லியிருந்தார்கள். சொன்னவர்கள் எங்கள் தோட்டத்து ரோட்டில் ஒரு தடவை வந்து பார்க்கவேண்டும். ஒவ்வொரு குழிக்கும் உயிர் போய் வந்தது. ஆடிக் காற்றுக்கு முந்தின மழை ஆட்டோவின் படங்குத் திரையில் அடித்தது.

"மெதுவா போங்க நானா," என்று மாமி சத்தம் போட்டார்.

"இதவிட மெதுவான்னா எறங்கித் தள்ளத்தான் வேணும் உம்மா," என்றார் அவர். மாமி சிரிக்கவில்லை. வழியெல்லாம் அவர் உதடு மாரியம்மன் பெயரை முணுமுணுத்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டு நுவரெலியா வரை ஊமையாக வந்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸுக்குத் தமிழ் வராது. எனக்குக் கடையில் சாமான் வாங்குமளவு சிங்களம். மாமி கண்டியில் ஒரு வீட்டில் பல வருஷம் வேலை செய்தவர், அதனால் எனக்கு வாய் அவர்தான். நர்ஸ் கார்டைப் பார்த்து ஏதோ கேட்டார். மாமி பதில் சொன்னார். சொல்லும்போதே அவர் முகம் கறுத்தது.

"என்னங்க மாமி?"

"இருவது வாரத்துப் புள்ள வளரலன்னா வார்டுல நிறுத்தி, கண்டிக்கு அனுப்பவேண்டி வருமாம். திகதி நிச்சயந்தானான்னு கேட்டாங்க. நிச்சயம்னுட்டேன்."

இதற்கு மேல் தாங்காது. "நிச்சயமில்லைங்க மாமி," என்றேன். "மார்ச் பதினாலு."

"அன்னைக்குத் திருவிழா புள்ள."

"ஆமாங்க. அன்னைக்கு விடியத்தான்."

மாமி என்னைப் பார்த்தார். நர்ஸ் பேனாவோடு காத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். மாமி திரும்பி, "மார்த்து தஹஹத்தர," என்று மார்ச் பதினாலைச் சிங்களத்தில் சொன்னார். ஏன் மாறியது என்று நர்ஸ் கேட்டார் போலிருக்கிறது. மாமி தன் நெஞ்சில் விரலை வைத்து என்னவோ சொன்னார். தவறு தன்னுடையது என்கிறார் என்பது என் அரைகுறைச் சிங்களத்துக்கே விளங்கியது. எனக்கு அப்படியே செத்துவிடலாம் போலிருந்தது.

உள்ளே டொக்டர் என் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்து அழுத்தினார். வெகுநேரம் திரையைப் பார்த்து அளந்தார். மாமி சுவரோரம் நின்றார். தீட்டுக் குடம், தீட்டுக் குடம் என்று என் தலைக்குள் மேளம் அடித்தது. கடைசியில் டொக்டர் பேச, மாமி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பதினாறு வாரத்துப் புள்ளைக்கு உள்ள அளவு இருக்காம். நெஞ்சு நல்லா துடிக்குதாம். இன்னும் நாலு வாரத்துல வரணுமாம், அப்பதான் உறுப்பெல்லாம் முழுசா பாக்கலாமாம்."

படுத்தபடியே அழுதேன். மாமி துவாயைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்த பிறகு அவர் ஆரம்பித்தார். "மூணு செவ்வாக்கெழமை பச்சத்தண்ணி குடிக்காம கெடந்தேன். புள்ள வளரலன்னு."

"மன்னிச்சிருங்க மாமி. ஆத்தா கோவிச்சிருவாளோன்னு..."

"ஆத்தாளுக்குத் தெரியாதா? கொடம் தூக்கின அன்னைக்கே தெரியும். தெரிஞ்சு அதே மாசத்துல குடுத்தா." குரல் உடைந்தது. "நீ அவளுக்கா பயந்த? எனக்குத்தானே பயந்த? அம்புட்டு மோசமானவளா புள்ள நானு?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அன்றைக்கு இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"உங்களுக்குத்தாங்க மாமி," என்றேன்.

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு என் மடியிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"சரி, எழும்பு. மொதல்ல கக்கூசுக்குப் போயிட்டு வா. எம்புட்டு நேரந்தான் அடக்குவ?"