சலவைக் கடைக்கு மேல் நின்ற புகை

இன்ஸ்பெக்டர் எரித்த கஞ்சாவின் புகை நேராகப் போய் அவருடைய தங்கை வீட்டுக்கு மேலே நின்றுகொண்டது, பிறகு கலையவே இல்லை. நீதிமன்ற உத்தரவுப்படி பிடிபட்ட மூட்டைகளையெல்லாம் பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி, புகைப்படம் எடுத்துக் கொளுத்துவது வருடா வருடம் நடக்கிற காரியம்தான். மற்ற வருடங்களில் புகை ஆற்றுப்பக்கம் போய் மறைந்துவிடும். அந்த வருடம் மட்டும் அது சந்தையைக் கடந்து, பேருந்து நிலையத்தைக் கடந்து, தங்கையும் அவள் கணவனும் நடத்திய சலவைக் கடையின் மாடிக்கு மேல் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் தேங்கியது. பக்கத்து வீட்டுச் சுவரில் வழக்கம்போல வெயில் அடித்தது. காற்று பலமாக வீசிய நாட்களில் புகையின் ஓரம் கொஞ்சம் பிசிறியது, அவ்வளவுதான்.

தங்கைக்கு ஒரே பெண். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்கு வலிப்பு. சோறு ஊட்டும்போது வரும், குளிப்பாட்டும்போது வரும், சிரித்துக்கொண்டிருக்கும்போதே வரும். பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் எல்லாம் பிள்ளையைத் தூங்க வைத்தன, வலிப்பை நிறுத்தவில்லை. புகை வந்து நின்ற நாளிலிருந்து வலிப்பு நின்றது. தாய் முதலில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாடியில் துணி காயவில்லை, காய்ந்த சட்டைகளிலும் ஒரு பச்சை வாடை ஏறியிருந்தது, வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? இன்ஸ்பெக்டர் சரக்கைத் தங்கை வீட்டில் பதுக்கியிருக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. அவருக்கு அந்தக் கேலி பெரிதில்லை. அவருடைய மகன் பதினேழு வயதில் கஞ்சா இழுக்கத் தொடங்கி, சுவருக்குள் யாரோ பேசுவதாகச் சொல்லி, இப்போது மனநல மருத்துவமனையில் இருந்தான். பார்க்கப் போகும் அம்மாவை அடையாளம் தெரியாமல், "வாங்க, உக்காருங்க" என்று மரியாதையாக நாற்காலியைக் காட்டினான். அந்தப் புகை தன் குடும்பத்தின் மேல் இன்னொரு முறை நிற்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தீயணைப்பு வண்டியையும் ராட்சத மின்விசிறிகளையும் கொண்டுவந்து அதை ஆற்றுக்கு அப்பால் விரட்டினார்.

அன்று சாயங்காலமே பிள்ளை குழாயடியில் விழுந்தாள். ஒரு வலிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்தது. சேதி கேட்டு ஓடிவந்த இன்ஸ்பெக்டர், சீருடையோடு ஈரத்தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டார்.

"அண்ணா, உன் கால்ல விழறேன். அதை விரட்டாதே."

"அந்தக் கருமம் என் பிள்ளைய என்ன பண்ணுச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணா. அவனை இடுப்புல தூக்கி வளர்த்தவ நான். அவனுக்காக அழுத கண்ணு இன்னும் காயல. ஆனா இவளும் உன் மடியிலதானே கிடக்கிறா?"

விடிவதற்குள் புகை தானாகவே திரும்பி வந்தது, பிள்ளையின் வலிப்பும் அடங்கியது. யாரும் மறுபடி விசிறி கொண்டுவரவில்லை.

சட்டத்தை மாற்றலாமா கூடாதா என்று நாடு முழுக்க அடிதடியாகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. சட்டமன்றக் குழு ஒன்று சலவைக் கடைக்கே வந்து, தேய்த்து அடுக்கிய சட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து விசாரித்தது. செடியில் இருக்கும் ஒரு சத்து இந்தப் பிள்ளைக்குச் சேர்வதாகவும், அதற்குப் புகை தேவையில்லை, அளந்த எண்ணெய் போதும் என்றும் டாக்டர் சொன்னார். எல்லோருக்கும் திறந்துவிட்டால் கள்ளச்சந்தை படுத்துவிடும் என்றார் ஒருவர். அப்போது இன்ஸ்பெக்டரின் மனைவி வாசலிலேயே நின்று, "திறந்து விடுங்க. பெத்தவளையே வாங்கன்னு கூப்பிடற பிள்ளைங்க இன்னும் நாலு வீட்ல இருக்கட்டும்" என்றாள். குழுவில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே இருந்த நாத்தனார் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் வாங்கவில்லை.

கடைசியாக இன்ஸ்பெக்டரைக் கேட்டார்கள். "என் மகனை அது அழிச்சுது. என் தங்கச்சி மகளை அது காப்பாத்துது. ரெண்டையும் எழுதுங்க. ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். அவர் குரல் உடைந்ததை அவருடைய கான்ஸ்டபிள்கள் முதல்முறையாகக் கேட்டார்கள்.

இழுத்தடித்துச் சட்டம் வந்தது. மருத்துவர் சீட்டு இருந்தால் எண்ணெய் கிடைக்கும். கடையில் விற்றால் சிறை. இளவயதினருக்குக் கொடுத்தால் இரட்டிப்பு. இரண்டு கட்சிக்கும் திருப்தியில்லை. பிள்ளை ஆஸ்பத்திரி எண்ணெயைக் குடித்தாள், வலிப்பு வரவில்லை. இனிப் புகைக்கு வேலையில்லை, கலைந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது கலையவில்லை. பார்வையிட வந்த அதிகாரி, சட்டத்தில் இலை, பூ, விதை, எண்ணெய் என்றிருக்கிறது, நிற்கிற புகையைப் பற்றி ஒன்றுமில்லை என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். பகலிலும் இருட்டாக இருந்ததால் நகராட்சி அந்த வாசலுக்கு ஒரு விளக்குக் கம்பம் நட்டது.

அடுத்த கோடையில் இன்ஸ்பெக்டரின் மனைவி அந்த விளக்கடியில் வந்து நின்று நாத்தனாரைக் கூப்பிட்டாள். "உன் வீட்டுக்குள்ள நான் வர மாட்டேன். எங்க மாடியில வெயில் சும்மாதான் கிடக்குது. துணியை அங்க அனுப்பு, பிள்ளைகிட்டயே குடுத்தனுப்பு." அதிலிருந்து ஊரின் வேட்டிகளும் படுக்கை விரிப்புகளும் அந்த மாடியில்தான் காய்கின்றன. பிள்ளை வாளியிலிருந்து எடுத்துக் கொடுப்பாள், அத்தை உதறிக் கொடியில் போடுவாள். அங்கிருந்து பார்த்தால் தெருக்கோடியில் புகை தெரியும். மழைக்காலத்தில் அது கொஞ்சம் கறுக்கும்.