பதினான்காம் நாளுக்கு முன்

கடுமையான மலேரியாவிலிருந்து பிழைத்தவர்களின் ரத்தம் எத்தனை நாளில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதுதான் கார்குழலியின் முனைவர் பட்ட ஆய்வு. வீடு திரும்பியவர்களை ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் வரவழைத்து ரத்தம் எடுப்பாள். எல்லோரும் அவளை டாக்டரம்மா என்றார்கள். தான் ஆராய்ச்சி மாணவிதான் என்று முதலில் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள்.

வெற்றிவேல் நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவர். ஒடிசாவில் பாலம் கட்டும் வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பியவரை நினைவு தப்பிய நிலையில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஊசி மருந்து நான்கே நாளில் அவரை எழுப்பி உட்கார வைத்தது. ஏழாம் நாள் ரத்தம் கொடுக்க வந்தபோது, "எனுக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. வேணும்னா ஒரு ரவுண்டு படகுல வாங்க, காட்டறேன்" என்று சிரித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் மனைவி அஞ்சலாட்சி போன் செய்தாள்.

"ரெண்டு நாளா எழுந்துக்கவே மாட்டேங்கறாரு டாக்டரம்மா. நாலு அடி நடந்தா உக்காந்துக்கறாரு."

அன்று பதினொரு மணிக்கு ஆய்வுக் குழுவின் முன்னால் கார்குழலி பேச வேண்டியிருந்தது. திரையில் காட்ட வேண்டிய கடைசிப் படம் இன்னும் முடியவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே, "அவ்ளோ பெரிய காய்ச்சல் வந்த உடம்பு, அசதியாத்தான் இருக்கும். வியாழக்கிழமை வரத்தானே போறாரு, பாத்துக்கலாம்" என்றாள்.

சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்கவில்லை. அந்த ஊசி போட்டவர்களில் சிலருக்கு, கிருமி ஒழிந்த பிறகும் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் ரத்த அணுக்கள் உடைய ஆரம்பிக்கும். சிறுநீர் கறுத்துப் போகும். உடனே ரத்தம் ஏற்றினால் பிழைத்துக்கொள்வார்கள். அன்று குழுவின் முன்னால் அவள் நாற்பது நிமிடம் பேசியதே அதைப் பற்றித்தான். அவளுடைய ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் மத்தியோ கை கொடுத்துப் பாராட்டினார்.

மறுநாள் மதியம் படகுத்துறையில் வெற்றிவேல் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது ரத்தத்தில் ஹீமோகுளோபின் மூன்று கிராமுக்கும் கீழே இறங்கியிருந்தது. இரண்டாவது பாட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது.

"பாவம். ஆனா உன் ஆய்வுக்கு இதைவிட முக்கியமான கேஸ் கிடைக்காது. விவரமா எழுது" என்றார் மத்தியோ. அந்தப் போனைப் பற்றி அவரிடம் அவள் வாய் திறக்கவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமையிலேயே கை நின்றுபோனது. நோணாங்குப்பம் போக வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்து, தான் தங்கியிருந்த நெல்லித்தோப்பிலிருந்து வண்டியை எடுத்துவிட்டுப் பாதியில் திரும்பியும் இருக்கிறாள். கடைசியில் போய்ச் சேர மூன்று மாதம் ஆகிவிட்டது.

அஞ்சலாட்சி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு எழுந்தவளிடம், உட்காரக்கூடச் செய்யாமல் கார்குழலி சொல்லிவிட்டாள்.

"அன்னைக்கு நீங்க போன் பண்ணப்ப உடனே கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கணும். அது வெறும் அசதி இல்ல. எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான். அவசரத்துல கேக்காம விட்டுட்டேன். தப்பு என்மேலதான்."

அஞ்சலாட்சி மீன் சட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"அசதிதான்னு நீங்க சொன்னீங்க இல்ல? அத வச்சித்தான் அவர நான் திட்டனேன். டாக்டரம்மாவே ஒண்ணுமில்லன்றாங்க, பொம்பள மாதிரி படுத்துக்கினு கெடந்தா எப்பிடின்னு கேட்டேன். ஒண்ணும் பேசல. மறுநாள் காலைல சட்டைய மாட்டிக்கினு துறைக்குப் போய்ட்டாரு."

இது கார்குழலிக்குத் தெரியாது.

"மூணு மாசமா நாந்தான் கொன்னுட்டேன்னு கெடக்கறேன். என் மாமியாரும் அதையேதான் சொல்றாங்க. நீங்க அப்பவே வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

சொல்லியிருக்கலாம்.

அஞ்சலாட்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் தள்ளித் திறந்தாள்.

"மாமியாரு உள்ளதான் இருக்காங்க. எங்கிட்ட சொன்னத அப்பிடியே அவங்ககிட்டயும் சொல்லுங்க."

கார்குழலி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.