நீல பக்கெட்

நாய் வளர்த்தால் விக்டோரியாவைப் போல வளர்க்க வேண்டும் என்று அந்தத் தெருவே சொல்லும். பாதிப் பேர் மெச்சிச் சொல்வார்கள், மீதிப் பேர் கிண்டலுக்குச் சொல்வார்கள். அவள் நாய் பன்னுவுக்குச் சாப்பாட்டுத் தட்டு தனி, தண்ணீர்க் கிண்ணம் தனி, அவற்றைத் தேய்க்கிற நார்கூடத் தனி. கழுத்துப் பட்டையை வாரம் ஒரு தரம் வெந்நீரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் ஓரமெல்லாம் தேய்ப்பாள். அது கடித்து விளையாடுகிற ரப்பர் பந்துக்குக்கூட ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் ஒரு குளியல் உண்டு.

"எங்க ஊட்டுக்காரருக்கே நான் இவ்ளோ பண்ணதில்லடீ. நீ இன்னா, நாய்க்கு டெட்டால் போட்டுக்கினு கெடக்குற?" என்பாள் பக்கத்து வீட்டு அஞ்சம்மாள்.

"ஊட்ல பொட்டப் புள்ள இருக்குதுக்கா. அதுக்கு ஒண்ணு வந்தா நீயா வந்து பாப்ப?"

பொட்டப் புள்ள என்பது ஜெனிபர், மூன்றாம் வகுப்பு. அவளுக்காகத்தான் இந்தப் பாடெல்லாம். வீட்டில் இரண்டு பக்கெட். நீல பக்கெட் பன்னுவின் துணிக்கு, சிவப்பு பக்கெட் மனுஷர் துணிக்கு. சிவப்பில் ஜெனிபரின் ஸ்கூல் யூனிஃபார்மும் புருஷன் ராபினின் கம்பெனி யூனிஃபார்மும் ஒன்றாக ஊறும். நாயின் துணி மட்டும் தப்பித் தவறியும் அதில் விழக்கூடாது. ஒரு நாள் ராபின் தெரியாமல் போட்டுவிட்டான். அன்றைக்கு அவன் வாங்கிக் கட்டிக்கொண்டது தெருக்கோடி வரை கேட்டது.

ராபினுக்கு சிப்காட்டில் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்குகிற கம்பெனியில் வேலை. கான்ட்ராக்ட் ஆள். பர்மனென்ட் ஆட்களுக்குத்தான் அங்கே குளிக்க ரூம், துணி மாற்ற லாக்கர் எல்லாம். இவன் போட்ட சட்டையோடு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், பன்னு பறந்து போய் அவன் பூட்ஸை நக்கும். பின்னாலேயே ஜெனிபர் ஓடிப்போய் அவன் சட்டைப் பையில் கை விடுவாள். டீ டைமில் கேன்டீனில் கொடுக்கிற கடலை மிட்டாயை அவன் தின்னாமல் அதில் போட்டு வைத்திருப்பான். பாதி அவளுக்கு, பாதி பன்னுவுக்கு.

"ஏய், நாயைத் தொட்டுட்டு அப்டியே துன்னாத! கை கழுவு!" என்று உள்ளேயிருந்து விக்டோரியா கத்துவாள்.

பிறகு அந்தச் சட்டையை வாங்கி, வாசலிலேயே பட்பட்டென்று நாலு உதறு உதறி, சாம்பல் நிறத் தூசி போனதும் சிவப்பு பக்கெட்டில் போடுவாள். கிழிந்துபோன சட்டைகளையும் அவள் வீணாக்கவில்லை. ஐந்தாறை ஒன்றாக வைத்துத் தைத்து பன்னுவுக்குப் படுக்கை செய்திருந்தாள். வேறு எதை விரித்தாலும் அது படுக்காது, ராபின் வாசனை வேண்டும் அதற்கு.

மூன்று மாதமாக ஜெனிபர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறாள். சோறு இறங்கவில்லை. மிஸ் வேறு கூப்பிட்டு, வகுப்பில் புத்தி எங்கேயோ போய்விடுகிறது என்று சொன்னாள். விக்டோரியாவுக்கு உடனே நாய்மேல்தான் சந்தேகம். பூச்சி மாத்திரை இரண்டு தரம் கொடுத்தாள். பன்னுவின் படுக்கையை வாரத்துக்கு ஒரு தரம் என்றிருந்ததைத் தினமும் துவைத்தாள். கை வெந்து தோல் உரிந்தது, போகட்டும் என்று விட்டாள். குழந்தைக்கு வலி மட்டும் நிற்கவில்லை.

அதற்குள் பன்னு நோயில் விழுந்தது. முதலில் வாந்தி, அப்புறம் சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. போன திங்கட்கிழமை காலையில் கால்கள் விறைத்து, வாயில் நுரை தள்ளி, வெட்டி வெட்டி இழுத்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் காயத்ரி ஊசி போட்டுவிட்டு, ரத்தம் எடுத்து மெட்ராஸ் லேபுக்கு அனுப்பினார். சனிக்கிழமை போன் வந்தது. நாயைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். கூடவே அது சாப்பிடுகிற தட்டு, படுக்கிற துணி, விளையாடுகிற சாமான் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னார்.

விக்டோரியா எல்லாவற்றையும் இன்னொரு தரம் கழுவி, வெயிலில் காயவைத்து, பையில் போட்டுக்கொண்டு, பன்னுவையும் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனாள். மேஜைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தட்டில் முகம் தெரிந்தது.

"சுத்தமாதான் மேடம் வெச்சிக்கிறேன். நீங்களே பாருங்க. எங்க தெருவுல யாரும் இப்டி வெச்சிக்க மாட்டாங்க."

"தெரியுதும்மா" என்றார் டாக்டர். தட்டை அவர் தொடவே இல்லை. படுக்கையை எடுத்துப் புரட்டினார். கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தார். உள்மடிப்பில் சாம்பலாக ஒரு கோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது யார் சட்டை?"

"ஊட்டுக்காரர்து. கம்பெனி சட்டை."

"என்ன கம்பெனி?"

விக்டோரியா சொன்னாள். டாக்டர் படுக்கையைத் தள்ளி வைத்தார்.

"இதோட ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கும்மா. பேட்டரிக்குள்ள இருக்குமே, அந்த ஈயம். அந்தத் தூசியில படுத்து, நக்கி நக்கி உள்ள போயிருக்கு. ஊசி போடறேன். பொழைக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"தெனம் தொவைக்கிறேனே மேடம்!"

"நீங்க தொவைச்சாலும் அவர் தெனம் புதுசா கொண்டு வர்றாரே."

அப்புறம் டாக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

விக்டோரியாவுக்குச் சிவப்பு பக்கெட் கண்முன் வந்தது. வெள்ளைச் சட்டையும் சாம்பல் சட்டையும் ஒன்றாக ஊறுகிற நுரைத் தண்ணீர். நாயை ஒதுக்கினேனே, பாவி, நாயைப் போய் ஒதுக்கினேனே!

"ஒரே பொண்ணு மேடம்" என்றாள்.

"வயித்து வலின்னு சொல்றாளா?" என்று டாக்டர் கேட்டதற்குத் தலையை ஆட்டினாள்.

"திங்கக்கெழமையே மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ரத்தம் பாக்கச் சொல்லுங்க. லேட் பண்ணாதீங்க."

"ஊசி போட்டா புள்ளைக்குப் போயிடுமா மேடம்?"

டாக்டர் சீட்டில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். "போய்ப் பாருங்கம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து பன்னுவை வெறும் தரையில் கிடத்தினாள். அது மூக்கால் தரையைத் தேடிப் படுக்கையைக் கேட்டது. கண் தெரியவில்லை போல, சுவரில் போய் முட்டிக்கொண்டது. விக்டோரியா பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்த வேலையை விட்டால் வேறு வேலை எது, எங்கே, எவன் கொடுப்பான் என்று ஒரு பக்கம் ஓடியது. விட்டாலும் உள்ளே போனது போனதுதானே என்று இன்னொரு பக்கம் ஓடியது. எந்த சோப்பு போய் ரத்தத்தைக் கழுவும்?

மூன்று மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பன்னுவின் வால் தரையில் ஒரே ஒரு தரம் அடித்தது. எழுந்திருக்கவில்லை.

பின்கட்டிலிருந்து ஜெனிபர் ஓடினாள்.

"தொடாத!" விக்டோரியா போட்ட கத்தலில் அஞ்சம்மாள் வெளியே வந்துவிட்டாள். "ஜெனி, தொடாத! இன்னாங்க, நீங்க உள்ள வராதீங்க! அங்கியே நில்லுங்க!"

கேட்டைத் திறந்த கையோடு ராபின் அப்படியே நின்றான். சட்டைப் பையிலிருந்து பாதி எடுத்த கடலை மிட்டாய் அவன் கையில் இருந்தது.

"இன்னா ஆச்சு? பன்னு பூட்ச்சா?"

விக்டோரியா கையை நீட்டி அவனைக் காட்டினாள், சட்டையைக் காட்டினாள்.

ஜெனிபர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா எதற்குக் கத்துகிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்போதும் கத்துகிறதுதானே.

"நான் பன்னுவைத் தொடவே இல்லம்மா" என்று ஈரம் சொட்டும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "சோப்பு போட்டுக் கழுவிட்டேன், பாரு."

காட்டிவிட்டு அப்பாவின் சட்டைப் பைக்கு எட்டிக் கை நீட்டினாள்.