செவலை நின்ற இடம்

தங்கை நிக்காஹுக்காக ஹாஜரா திருமங்கலம் போயிருந்த நாலு நாளில் பக்கீர் முகமது மாட்டுக் கொட்டத்தைத் தலைகீழாக மாற்றிவிட்டான். சுவரோரம் ஒரே வரிசையில் நின்ற நாலு பசுக்களையும் இரண்டிரண்டாகப் பிரித்து எதிரெதிர்ச் சுவரைப் பார்க்கக் கட்டினான். நடுவில் மூத்திரம் ஓடக் கல் பதித்த வாய்க்கால். வாசல் பக்கம் நின்ற செவலைப் பசுவை எதிர்ச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு, அந்த இடத்தைத் தீவனக் கூடைக்கென்று காலியாக விட்டான். ஒரு பெரிய பண்ணையில் இப்படிப் பார்த்ததிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. வருஷம் பூரா சேற்றில் குந்திக் கறக்கிறவள் இனி காய்ந்த தரையில் உட்காரலாமே! கெட்டிக்கார மனுஷன்தான். பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

அவள் திரும்பியபோது இருட்டிவிட்டது. காலையில் பார்த்து அசந்துபோகட்டும் என்று அவன் வாயைத் திறக்கவில்லை.

விடியும் நேரம் செவலையின் கன்றை ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டினான். வழக்கமாக அத்தோடு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடுவான்; கறப்பது ஹாஜரா பாடு. அன்று அவள் முகத்தைப் பார்க்கும் ஆசையில் மூலையிலேயே நின்றான். அவள் விளக்கில்லாமல் வந்தாள். யுத்தம் தொடங்கி மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்ததிலிருந்து அப்படித்தான். சிக்கனக்காரி என்று அவன் தெருவெல்லாம் பீற்றிக்கொள்வான்.

வாசலிலிருந்து எட்டு அடி எண்ணி வைத்தாள். திரும்பிக் குந்தினாள். செம்பை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினாள். எதிரே வெறும் சுவர். "நில்லுடி செவலை," என்றாள். விரல்கள் காற்றில் மடியைத் தேடின. அவள் முதுகுக்குப் பின்னால் செவலை கத்தியது.

விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு அவள் கண்களைப் பார்த்தான். செவலை கத்திய பக்கம் அவை திரும்பவே இல்லை.

"ஹாஜரா."

செம்பு உருண்டது. "அல்லாவே, நீங்க இன்னும் போகலியா?"

"எம்புட்டு நாளா இது?"

உருண்ட செம்பைக் கையால் துழாவினாள். "போன ரம்ஜானுக்கு முந்தியே மங்கல்தான். இப்ப பகல்ல நெழலாட்டம் தெரியுது. அம்புட்டுத்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேற ஆளை வச்சுக் கறப்பீங்க. என்னைய ஒரு மூலையில உக்கார வச்சுச் சோறு போடுவீங்க. புள்ளையும் இல்ல. இந்த நாலு மடிய விட்டா எனக்கு என்னங்க இருக்கு?"

போன மாதம் கெண்டை மீனில் முள் எடுத்துத் தரச் சொன்னாள். கொஞ்சுகிறாள் என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்திருந்தான். அதை நினைத்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பதினாலு வருஷம் கூடவே படுத்து எழுந்த பொம்பளையின் கண் போனது தெரியாமல், கல் பதித்துக் கொண்டிருந்திருக்கிறான்.

கடப்பாரையை எடுத்துச் செவலையைக் கட்டியிருந்த முளையைப் பிடுங்கினான்.

"நீ எப்பயும் போல நடந்து வா புள்ள."

அவள் வாசலுக்குப் போய்த் திரும்பி, எட்டு அடி எண்ணி வைத்து வந்து குந்தினாள். கையை நீட்டினாள். அந்தக் கைக்குத் தோதாக முளையை அடித்து, செவலையைக் கொண்டுவந்து கட்டினான். செம்பை எடுத்து அவள் மடியில் வைத்தான். விரல்கள் காம்பைப் பிடித்தன. முதல் பால் செம்பில் விழுந்தது.

"பாத்துக்கிட்டே நிக்கிறீங்களா?"

"இல்ல. பள்ளிக்குப் போறேன்," என்றான்.

போகவில்லை. மூச்சுக்கூட விடாமல் அங்கேயே நின்றான். அவன் போய்விட்டான் என்று நினைத்து, அவள் சுவரைப் பார்த்தபடி கறந்துகொண்டிருந்தாள்.