வேலிக்கு வெளியே தெரிந்த கால்கள்

எங்கள் ஹாட்டிங்லியில் உயிரோடு இருப்பதைவிடப் பிணமாகக் கிடந்ததற்குத்தான் மரியாதை அதிகம். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர், இருப்பது அறுநூறு பேர். ஏழு வருடத்தில் இங்கே நாற்பத்தொரு கொலை விழுந்தது, எல்லாம் தொலைக்காட்சிக்காக. ‘இன்ஸ்பெக்டர் கிம்பர்’ தொடரை இங்கேதான் எடுத்தார்கள். தபால் அலுவலகத்து ஐவி குளத்தில் குப்புற மிதந்தவள். கசாப்புக் கடைக்காரரை அவர் கடைக் கத்தியாலேயே குத்தினார்கள். அந்தக் கத்தியை ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி இன்னமும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார். ஊர் மதுக்கடையான பப்பில் ஜன்னலோர மேஜை பிணங்களுக்கு. சும்மா கூட்டத்தில் நின்றவர்கள் கழிவறைப் பக்கம் உட்கார வேண்டியதுதான்.

என் கணவர் டெஸ்மண்ட் பர்கிஸ் ஜன்னலோர மேஜை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தேழு. மூன்றாம் வருடத்துத் தொடரில் ஒரு குடியானவனைக் கொன்று வேலிப்புதருக்குள் தள்ளிவிட்டிருப்பார்கள். ஆள் தெரியாது, பூட்ஸ் போட்ட இரண்டு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பதினோரு விநாடி. அந்தக் கால்கள் டெஸ்மண்டுடையவை என்று ஊருக்கே தெரியும்.

அவை என்னுடையவை.

இதைச் சொல்வதற்கு எனக்கு முப்பத்து மூன்று வருடம் ஆகியிருக்கிறது. அவசரக்காரி என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

தொடர் நின்று எவ்வளவோ காலமாயிற்று. ஆனாலும் திங்கள் முதல் வெள்ளிவரை மதியம் இரண்டு மணிக்கு, மாடிப்படியில் ஆளை ஏற்றிப்போகும் நாற்காலி விளம்பரத்துக்கும் சவ அடக்கச் சேமிப்பு விளம்பரத்துக்கும் நடுவே, கிம்பர் வந்துவிடுவார். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் யார் வீட்டுக் கதவையும் தட்டக்கூடாது. தட்டினால் திறப்பார்கள், சிரிப்பார்கள், பிறகு வருடக்கணக்கில் பேச மாட்டார்கள்.

“யார் கொன்னாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியுமே அத்தை, அப்புறம் எதுக்குப் பாக்கறீங்க?” என்று லண்டனிலிருந்து வந்த என் மருமகள் ஒரு தடவை கேட்டாள். நல்ல பெண்தான், ஆனால் கொஞ்சம் விவரம் போதாது. கிம்பர் குரலை உயர்த்த மாட்டார். டீ வரும்வரை காத்திருப்பார். கொலைகாரர்களும் தங்கமானவர்கள். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டார்கள், முடித்ததும் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொள்வார்கள். ஐம்பது நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். எங்கள் வீடுகளில் ஐம்பது வருடம் ஆனாலும் ஒன்றும் வெளியே வராது. வேறு எதற்குப் பார்ப்பதாம்?

நடந்தது இதுதான். அந்தப் பிணமாகப் படுக்க டெஸ்மண்டைத்தான் பேசி, பூட்ஸையும் கொடுத்திருந்தார்கள். படப்பிடிப்புக்கு முந்தின நாள் டெஸ்மண்ட் பப்பில் பன்றிக்கறி வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றைத் தின்றுவிட்டு வந்தார். காலையில் எழுந்தவர் கழிவறையைவிட்டு வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து, “அவ்ரில் கண்ணு, என்னால முடியல. அந்த பூட்ஸைக் குடுத்துட்டு, வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடு” என்றார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. மழைக்கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். அங்கே ஒரு மீசைக்காரர் ஒலிபெருக்கியும் கையுமாக ஓடி வந்தார்.

“பர்கிஸ்? கால்தானே?”

“நான் பர்கிஸ்தான், ஆனா வந்து...”

“அப்பாடா! மேகம் மூடி வெளிச்சம் போயிட்டு இருக்கு. இந்தக் காற்சட்டைய மேல மாட்டிக்குங்க, பூட்ஸப் போடுங்க, உள்ள படுங்க. தலை அந்தப் பக்கம். மூச்சு விட்டா தப்பில்ல, கால் மட்டும் ஆடக்கூடாது. சரியா?”

அவர் மூச்சுவிடாமல் பேசினார். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். அவர் முடித்தபோது நான் வேலிக்குள் கிடந்தேன். மும்முரமாக வேலை செய்கிற மனிதரிடம் ‘நீங்கள் நினைப்பது தவறு’ என்று எப்படிச் சொல்வது? கொலை செய்வது வேறு விஷயம். இது மரியாதைக் குறைவு. என் முகத்தை யாருமே பார்க்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது கால்.

முழங்கைக்குக் கீழே காஞ்சொறி. முதுகுக்குக் கீழே சேறு. அப்போது கிம்பராக நடித்தவர் வந்து நின்றார். என் கால்களைக் குனிந்து பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “மன்னிக்கணும் மேடம், ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும்” என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கினேன். இடது கால் ஒரு தடவை ஆடிவிட்டது.

யாரும் கவனிக்கவில்லை, அது அப்படியே படத்தில் போய்விட்டது. வீட்டுக்கு வந்தேன். “சொல்லிட்டியா?” என்று டெஸ்மண்ட் கழிவறைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார். “போயிட்டு வந்துட்டேன்” என்றேன். அவர் இருந்த நிலையில் அதற்குமேல் விவரம் சொல்வது நன்றாக இருந்திருக்காது.

எட்டு மாதம் கழித்துப் படம் வந்தது. பப்பில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். கால்கள் வந்ததும், “டெஸ்மண்ட்! உன் காலுப்பா!” என்று ஒரே கூச்சல். ஆளுக்கொரு குவளை பீர் வாங்கி அவர் முன்னால் வைத்தார்கள். டெஸ்மண்ட் என்னைப் பார்த்தார். நான் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தைப் பார்த்தேன். ஒன்பது குவளை பீர் வந்தபிறகு ‘அது நான் இல்லை’ என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்? அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது.

ஆடிய அந்தக் காலால் இரண்டு கட்சி உண்டாயிற்று. பிணம் சாகவில்லை, பிறகு வந்த வேறொருவன்தான் கொன்றான், கிம்பர் தப்பான ஆளைப் பிடித்துவிட்டார் என்பது ஒரு கட்சி. அது காற்று என்பது இன்னொரு கட்சி. கிம்பர் ரசிகர் சங்கத்தின் செயலாளர் கிறிஸ்பின் லாஃப்டஸ் முதல் கட்சி. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். அந்தக் காலைப்பற்றி நாற்பது பக்கம் எழுதி அச்சடித்திருக்கிறார். ஒவ்வொரு ஜூன் மாதமும் பேருந்து நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். டென்மார்க்கிலிருந்துகூட வருவார்கள். டெஸ்மண்ட் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, அதே வேலிக்குள் படுத்துக் காலை நீட்டுவார், அவர்கள் படம் எடுப்பார்கள். ‘கால் ஏன் ஆடிச்சு?’ என்று கேட்பார்கள். ஒரு வருடம் குளவி என்பார், ஒரு வருடம் எறும்பு என்பார். நான் பக்கத்தில் நின்று ஸ்கோன் ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருப்பேன்.

இந்த வருடம் சங்கம் ஒரு பித்தளைத் தகடு செய்துவிட்டது. ‘இவ்வேலியில் டெஸ்மண்ட் பர்கிஸ் பிணமாகக் கிடந்தார்’ என்று எழுதி, ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வேலிக் கம்பத்தில் அடிப்பதாக ஏற்பாடு.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீர் போகட்டும், ஜன்னலோர மேஜை போகட்டும். பித்தளை அப்படி இல்லை. நாங்கள் இருவரும் போனபிறகும் அது அங்கேயே இருக்கும். அதை அடிப்பதற்குள் அவர் வாயாலேயே, ‘அது அவ்ரில்’ என்று வரவேண்டும். ஊர் கேட்க வரவேண்டும். எனக்குப் பெயர் ஆசை இல்லை என்று சொல்லலாம். எதற்குப் பொய்? இருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஊர்க்கூடத்தில் அந்தப் படத்தைப் போட்டார்கள். பழைய பிலிமைக் கழுவித் துடைத்துப் புதுப்பித்த பிரதி. பெரிய திரையில் புல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கால்கள் வந்தன. லாஃப்டஸ் “நிறுத்துங்க!” என்றார். படம் நின்றது.

பூட்ஸுக்கும் காற்சட்டைக்கும் நடுவே மூன்று விரல்கடை இடைவெளி. அங்கே பெண்கள் போடுகிற மெல்லிய நைலான் காலுறை, கெண்டைக்கால் பக்கம் இழை ஓடிய கோடு உட்பட, பளிச்சென்று தெரிந்தது.

நான்கைந்து பேர் இருமினார்கள்.

“மிஸ்டர் பர்கிஸ்,” என்றார் லாஃப்டஸ், மிகவும் கூச்சத்தோடு. “நீங்க பதில் சொல்லணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல. ஆனா இது... என்னன்னு சொன்னீங்கன்னா, சங்கத்துக்கு உதவியா இருக்கும்.”

டெஸ்மண்ட் எழுந்தார். காது இரண்டும் சிவந்திருந்தது. சொல், சொல்லித் தொலை என்று நான் மனதுக்குள் கத்தினேன். முப்பத்து மூன்று வருடத்தில் இதைவிட நல்ல சந்தர்ப்பம் வரப்போவதில்லை.

“அது என் மனைவியோட காலுறை,” என்றார். “அன்னிக்கு ரொம்பக் குளிரு. நான்தான் எடுத்துப் போட்டுக்கிட்டேன்.”

கைத்தட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. எவ்வளவு தைரியம் வேண்டும் என்று ஐவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கசாப்புக் கடைக்காரர், தானும் பனிக்காலத்தில் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

“அது நான்! என் காலு! இவர் அன்னிக்கு வயித்தால போயி வீட்ல கிடந்தாரு. வேலிக்குள்ள படுத்தது நான்!”

லாஃப்டஸ் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “மிஸஸ் பர்கிஸ், உங்கள மாதிரி ஒரு மனைவி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும். அவர் மானத்தைக் காப்பாத்த இப்படியெல்லாம் சொல்ல வேண்டாம். இங்க யாரும் அவரைத் தப்பா நினைக்கல.”

எனக்கு இன்னும் பெரிய கைத்தட்டல்.

வீட்டுக்கு நடந்தோம். தேவாலயச் சுவர் வந்தது. அங்கே டெஸ்மண்ட் நின்றார்.

“அது நீதான்னு எனக்குத் தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“பப்ல முதல்முதலாப் பாத்தோமே, அப்பலேர்ந்து. சிரிப்ப அடக்கினா உனக்கு இடது கால் ஆடும். நம்ம கல்யாணத்துல பாதிரியார் என் பேர மாத்திச் சொன்னாரே, அப்பவும் ஆடிச்சு.”

“தெரிஞ்சுமா இத்தனை வருஷம்? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?”

“நீ சொல்லலையே. நீயா சொல்லாதத நான் எப்படிக் கேக்கறது? நல்லாவா இருக்கும்?”

“ஊரெல்லாம் என் காலு என் காலுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சது மட்டும் நல்லா இருந்துச்சோ?”

“நான் எங்க சொன்னேன்? அவங்க சொன்னாங்க. நான் மறுக்கல, அவ்வளவுதான்.” சுவரைப் பிடித்துக்கொண்டார். “இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் எழுந்தேன் கண்ணு. வாயத் திறந்தா வேற என்னமோ வந்துடுச்சு.” பிறகு, “ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?” என்றார். “ஊர்ல இருக்கறவன் எல்லாம் என்னக் கேப்பான், கால் ஏன் ஆடிச்சுன்னு. நான் குளவிம்பேன், எறும்பும்பேன். எனக்கே தெரிஞ்சுக்கணும்னு உயிரு போவும். பதில் தெரிஞ்சவ பக்கத்துலயே படுத்திருக்கா, கேக்க முடியல. அன்னிக்கு நீ எதுக்குச் சிரிச்சே?”

சொன்னேன்.

“மேடம்னாரா?” என்றார். “மேடம்னா சொன்னாரு?” சுவரில் சாய்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. என் கோபம் முழுதும் போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். பாதி போயிற்று.

“நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லணும்,” என்றேன்.

“சொல்றேன்.”

சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, வேலிக்கு முன்னால், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உரத்த குரலில்: “இது என் காலு இல்ல. என் மனைவி அவ்ரிலோட காலு. முப்பத்து மூணு வருஷமா நான் பொய்யன்.”

லாஃப்டஸ் அவர் தோளில் கைவைத்தார். “நேத்து அவங்க உங்களுக்காகச் சொன்னாங்க, இன்னிக்கு நீங்க அவங்களுக்காகச் சொல்றீங்க. இப்படி ஒரு தம்பதிய நான் பாத்ததே இல்ல.” கைத்தட்டினார்கள். தகட்டை அடித்தார்கள். நான்கு ஆணி.

“அப்ப நான் படுக்க மாட்டேன்,” என்றார் டெஸ்மண்ட். பூட்ஸைக் காலாலேயே உதறிப் புல்லில் தள்ளிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்துவிட்டார். “என் காலு இல்லாதத என் காலுன்னு இனிமே நீட்ட முடியாது.”

நான் எத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை! நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. ஆனால் எதிரே இருபத்தாறு பேர் கேமராவோடு நின்றார்கள். அதில் ஒன்பது பேர் டென்மார்க், கப்பல் ஏறி வந்தவர்கள். பன்னிரண்டு மணிக்குப் பேருந்து. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. காலி வேலியைப் பார்த்தார்கள். “அழகான வேலி,” என்றாள் ஒரு டேனிஷ் அம்மாள். “ரொம்ப அழகு,” என்றாள் இன்னொருத்தி. கேமராவை மெதுவாகப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார்கள்.

அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

மண்டியிட்டு உட்கார்ந்தேன். அவர் காலை இழுத்து பூட்ஸுக்குள் நுழைத்தேன். அவரால் குனிய முடியாது, முதுகு. கயிற்றை நானே இறுக்கிக் கட்டினேன்.

“என்ன பண்றே?” என்றார். “நீதான்னு சொல்லிட்டேன்ல?”

“சொல்லிட்டே,” என்றேன். “இப்ப ஆடாம படு.”